மதினி கடை அலமாரிக்கு நான் காடி எடுத்த கதை

விளக்கிச் சொல்லத் தெரிந்த எதையும் செய்யவும் தெரியும் என்று நம்புவது ஆசிரியர்களுக்கே உரிய ஒரு வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, இணைகோடு என்று நாள் முழுக்கக் கரும்பலகையில் கிழிக்கிறவளுக்கு நாலு பலகையைச் சேர்த்து ஓர் அலமாரி செய்ய வராதா என்ன? (வராது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போக வேண்டியிருந்தது.)

எல்லாம் ஒரு கோடை விடுமுறையில் செல்போனிலிருந்து தொடங்கியது. ரசப்பொடி அரைப்பது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு, யாரோ ஒரு வெள்ளைக்காரர் மரவேலை செய்கிற வீடியோ வந்து விழுந்தது. அவர் கையில் ரூட்டர் என்று ஒரு மெஷின். கைக்கு அடக்கமான மோட்டார், அடியில் சுழலும் ஒரு வெட்டுமுனை. பலகையின் மேல் வைத்துத் தள்ளினால் கோடு கிழித்த மாதிரி பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தைத்தான் நம் ஊர் ஆசாரிகள் காடி என்பார்கள். அலமாரியின் இரண்டு பக்கப் பலகைகளிலும் எதிரெதிரே காடி எடுத்து, அதற்குள் தட்டைச் சொருகிவிட்டால் தட்டு அசையாது. வெள்ளைக்காரர் சொருகினார். தட்டு டக்கென்று உட்கார்ந்தது. அந்த 'டக்'கில் நான் விழுந்துவிட்டேன்.

என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். ரூட்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, இருக்கிற வைஃபையே நல்லாத்தானே எடுக்கிறது என்றார். நான் திருத்தவில்லை. பார்சல் வந்த அன்று மதியம், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மனிதரின் தலைமாட்டுச் சுவருக்கு மறுபக்கம் நின்று நான் சுவிட்சைப் போட்டேன். அவர் எழுந்து வந்து, சட்டைக்குள் பாதி கையை நுழைத்தபடி, மில்லுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார்.

இது என்னோடு போயிருந்தால் கதையே இல்லை. இந்த இடத்தில் என் மதினி வருகிறார்.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. முப்பது வருடமாக வீட்டிலேயே மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். கண்டக்டராக இருந்த அவர் வீட்டுக்காரர் (எனக்கு அண்ணன் முறை) ஓய்வு பெற்று வீட்டோடு வந்ததும், இனி குனிந்து தைக்கக் கழுத்து ஒத்துழைக்காது என்று சொல்லி, வீட்டு முன்னறையில் தையல் சாமான் கடை ஒன்று வைக்க மதினி முடிவு செய்தார். நூல்கண்டு, பட்டன், ஹூக்கு, ஜிப்பு, லைனிங் துணி. முப்பது வருடம் மற்றவர்களுடைய கடையில் போய் நின்று நூல் வாங்கியவருக்கு, தன் கடைக்குள் நின்று நூல் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஆசை. அதை அவர் ஒருமுறைதான் சொன்னார். மதினி எதையும் இரண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை.

கடைக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று பக்கத்துத் தெரு சிக்கந்தரிடம் பேசி வைத்திருந்தார். சிக்கந்தர் ராஜபாளையத்தில் என்னிடம் படித்த பையன். கணக்கு அவனுக்கு ஏறவில்லை என்பதை நான் எழுத்துப்பூர்வமாகவே பல முறை உறுதி செய்திருக்கிறேன். இப்போது முப்பது வயது, மரவேலையில் நல்ல பெயர், நாலு பேர் அவனிடம் வேலை செய்கிறார்கள்.

"சிக்கந்தர் எதுக்கு மதினி? நான் செஞ்சு தாரேன்" என்றேன்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். உனக்குப் பரோட்டா மாவே உருண்டையாக வராதே என்று கேட்டார். நான் போனை எடுத்து வெள்ளைக்காரரைக் காட்டினேன். தட்டு டக்கென்று உட்கார்ந்தது. மதினியும் கொஞ்சம் அசைந்தார். படித்தவள், கணக்கு டீச்சர், அளவு தப்பாது என்று அண்ணனும் எனக்காகப் பேசினார். (அண்ணன் இதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறார்.) சிக்கந்தரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சரே செய்கிறார்கள் என்றால் சரிதான் என்று அவன் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டானாம்.

ரூட்டரை வெறும் கையால் ஓட்டினால் அது தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் பலகையில் நான் போட்ட காடி, செண்பகத்தோப்புக்குப் போகிற மலைப்பாதை மாதிரி இருந்தது. அதனால் ஜிக் வேண்டும். ஜிக் என்றால் பயப்பட வேண்டாம், ரூட்டர் தடம் மாறாமல் ஓடுவதற்கு ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். இரண்டு நேரான மரச்சக்கைகளை இணையாக வைத்து, இரு முனையிலும் குறுக்கே கட்டை அடித்தால், நடுவில் ரூட்டர் தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி போகும்.

முதல் ஜிக்கில் ரூட்டர் உள்ளேயே நுழையவில்லை. இரண்டாவதில் நுழைந்தது, வெளியே வரவில்லை. மூன்றாவது அருமையாக ஓடியது. எவ்வளவு அருமை என்றால், பலகையையும் தாண்டி அதற்குக் கீழே இருந்த சாப்பாட்டு மேசையிலும் அதே காடியை அச்சுப் பிசகாமல் எடுத்துவிட்டது. கணவர் அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். முப்பது வருடம் தர்க்கம் பேசினாலும் வராத கோபத்தை ஒரு பாராட்டு வரவழைக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான்காவது ஜிக்தான் இந்தக் கதையின் நாயகன். அதில் என் சொந்த மூளையைச் செலுத்தினேன். அலமாரிக்கு உயரம் ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர், நடுவில் ஐந்து தட்டு, தட்டுக்குத் தட்டு முந்நூறு. ஒவ்வொரு காடிக்கும் தனித்தனியாக அளப்பது முட்டாள்தனம் அல்லவா? ஆகவே சட்டத்திலிருந்து சரியாக முந்நூறு மில்லிமீட்டர் தள்ளி, அடிப்பக்கத்தில் ஒரு குச்சியைப் பொருத்தினேன். குச்சியைப் பலகையின் விளிம்பில் முட்டக் கொடுத்தால் முதல் காடி. அதே குச்சியை முதல் காடிக்குள் உட்கார வைத்தால் இரண்டாவது காடி. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். ஒருமுறை அளந்தால் போதும், அப்புறம் அளக்கவே வேண்டாம். (ஒருமுறை தப்பாக அளந்தாலும் போதும், அப்புறம் அளக்கவே வேண்டாம் என்பது இதன் மறுபக்கம். அது எனக்குத் தோன்றவில்லை.)

அந்த ஒரே ஒரு அளவை நான் எவ்வளவு பயபக்தியோடு எடுத்தேன் தெரியுமா? கடையில் விற்கிற டேப்பை நம்பவில்லை. பள்ளியில் கழித்துப் போட்ட பழைய மர அளவுகோல் ஒன்று என்னிடம் இருந்தது. பதினெட்டு வருடம் என் கையில் இருந்த கோல். அதன் முனையைச் சட்டத்தோடு ஒட்ட வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முந்நூறில் பென்சிலால் கோடு கிழித்தேன்.

இடது பலகையை மேலிருந்து தொடங்கி ஐந்து காடி எடுத்தேன். வலது பலகைக்கு வந்தபோது மறுபடியும் மூளை வேலை செய்தது. வலதுபக்கம் என்பது இடதுபக்கத்தின் பிரதிபலிப்பு. ஆகவே எதிர்முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது யூக்ளிடே வந்து காதில் சொன்ன மாதிரி இருந்தது. வலது பலகையைக் கீழிருந்து மேலாக எடுத்தேன்.

மொட்டைமாடியில் வைத்துப் பலகைகளைச் சேர்த்துப் பூட்டினோம். ஐந்து தட்டும் டக், டக்கென்று உட்கார்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் மட்டும் தள்ளி நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, தட்டெல்லாம் இடதுபக்கம் இறங்கின மாதிரி தெரிகிறதே என்றார். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மொட்டைமாடியைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். அவர் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். தண்ணீர் வலதுபக்கம் ஓடும் என்பதை அன்று அவர் சொல்லியிருக்கலாம்.

குட்டியானை வண்டியில் ஏற்றி, பின்னால் அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி நானே உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோனேன். மதினி வீட்டு முன்னறையில் நிறுத்தியதும் அண்ணனும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பழைய வீடு, தளம் உட்கார்ந்திருக்கும் என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் அந்த வீட்டில் குடியிருந்தவர் முதன்முறையாகத் தன் தரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நூல்கண்டுகளை அடுக்குவதற்கு மதினி ஒரு முறை வைத்திருந்தார். நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதால் கண்டுகளைப் படுக்கவைத்து, வட்டமான முகம் வெளியே பார்க்கும்படி ஒன்றை ஒட்டி ஒன்று, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வரிசை. மங்களகரமாக இடதுகோடியில் மஞ்சளில் ஆரம்பித்து வலதுகோடியில் கறுப்பில் முடிய வேண்டும். இடதுபக்கத்திலிருந்தே அடுக்கிக்கொண்டு வந்ததால் எல்லாம் பக்கப் பலகையில் முட்டிக்கொண்டு அமைதியாக நின்றன. வலதுபக்கத்திலிருந்து யாராவது ஒரு கண்டை வைத்திருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். மஞ்சளின் மகிமை என்னை ஓர் இரவு காப்பாற்றியது.

மறுநாள் காலை பத்தரைக்குத் திறப்பு. தெருவே வந்திருந்தது. சேத்தூரிலிருந்து மதினியின் சம்பந்தி வீட்டார் வேறு. சிக்கந்தரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். அவன் பார்வை அலமாரியில் பட்டது. உடனே கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். வருகிறவர்களிடமெல்லாம் மதினி, அலமாரி எங்கள் தம்பி பெண்டாட்டி தன் கையால் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி அடக்கமாக நிற்பதற்கு மிகவும் கஷ்டப்பட்டேன்.

கைபோணிக்குப் பாக்கியத்தம்மாளை அழைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, கைராசிக்காரர். அவர் கை பட்ட கடை நொடித்ததில்லை என்று தெருவில் பெயர். குத்துவிளக்குக்கு முன்னால் நின்று, நல்ல நாளும் அதுவுமாக மஞ்சள் நூல்கண்டு ஒன்று தாங்க என்றார்.

மஞ்சள் இடதுகோடியில் இருந்தது. அடிவரிசையில், பக்கப் பலகையை ஒட்டினாற்போல. மதினி இரண்டு விரலால் அதை உருவினார்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தத் தட்டிலிருந்த மொத்த நூலும், ஊர்வலத்துக்கு வழிவிட்ட மாதிரி, இடதுபக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தது. மேல் இரண்டு வரிசை நிலைகுலைந்து முன்பக்கமாகச் சரிந்தது. சரிந்தவை கீழ்த்தட்டில் மோத, அதுவும் கிளம்பியது. நூல்கண்டு விழுவதற்குப் பெரிய சத்தம் இராது. மழை பிடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு, அவ்வளவுதான். சிவப்பும் பச்சையும் நீலமுமாக வாசல்படி தாண்டித் தெருவில் இறங்கி, நுனி நூலை எங்கோ மாட்டிவிட்டு வால் நீள ஓடின. சில கோயில் பக்கம் திரும்பின. சில தெரு ஓரத்து வாறுகால் சாக்கடையில் போய் விழுந்தன. பாக்கியத்தம்மாளின் காலைச் சுற்றி ஆரஞ்சு நூல் இரண்டு வளையம் போட்டிருந்தது. அவர் கையில் காசோடு அசையாமல் நின்றார்.

மதினி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஏட்டி கலா, மொதல்ல எல்லாத்தையும் பெறக்கு" என்றார்.

பத்தாம் வகுப்புக்கு வடிவியல் எடுக்கிற நான், பட்டுப்புடவையோடு மடவார் வளாகத்துத் தெருவில் குனிந்து குனிந்து நூல் பொறுக்கினேன். என்னிடம் படித்த இரண்டு பெண்கள் இடுப்பில் குழந்தையோடு வந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். நல்லா இருக்கிறேன் என்றேன்.

எல்லோரும் காபி குடிக்கப் போனதும் சிக்கந்தர் தன் வண்டியிலிருந்து, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்தான். உள்ளே இருந்த குமிழி நடுவில் நின்றது. அண்ணன் பெருமூச்சு விட்டார். தட்டின்மேல் வைத்தான். குமிழி வலதுகோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. ஐந்து தட்டிலும் அப்படியே.

"எல்லாத் தட்டும் ஒண்ணுக்கொண்ணு இணையாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் டேப் போட்டுப் பார்த்தான். இடதுபக்கம் இருபத்துநாலு மில்லிமீட்டர் இறக்கம். எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டான். பள்ளிக்கூடத்து அளவுகோல் என்றேன். முனையை முட்டக் கொடுத்தா என்றான். ஆமாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அந்தக் கோலில் சைபர் முனையில் இல்லை. நாலு மில்லிமீட்டர் தள்ளி உள்ளே இருக்கிறது.

சிக்கந்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "முனையில இருந்து அளக்கக் கூடாது, சைபர்ல இருந்து அளக்கணும்னு எட்டாப்புல என்னைய பெஞ்சு பூராவும் திரும்பத் திரும்ப அளக்க வச்சீங்க டீச்சர்."

அதில் துளி நக்கல் இல்லை. அவன் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தான். சொல்லிக் கொடுத்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்பதுதான் அவன் கவலை.

காடிக்கு நாலாக ஏறிக்கொண்டே போன பிழை, இடதில் மேலிருந்து இறங்கியும் வலதில் கீழிருந்து ஏறியும் என் சாமர்த்தியத்தால் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து இருபத்துநாலாகிவிட்டது. இரண்டு பலகையையும் ஒரே முனையிலிருந்து தொடங்கியிருந்தால் தப்பும் தப்பும் சமமாகித் தட்டுகள் மட்டமாகவே இருந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இதை நான் அங்கேயே காபி டம்ளரோடு நின்று, சுவரில் விரலால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். கணக்கு சரியாக வந்தது என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

அப்போதைக்கு சிக்கந்தர் அலமாரியின் இடதுகாலுக்குக் கீழே மரச்சக்கை கொடுத்துத் தூக்கினான். தட்டெல்லாம் மட்டமாயின. ஆனால் அலமாரி மொத்தமும் வலதுபக்கம் சாய்ந்து, அதன் தலையில் மாலையோடு இருந்த ஆண்டாள் படம் நழுவ ஆரம்பித்தது. சக்கையை உருவினால் சாமி நேராக நின்றார், நூல் கிளம்பியது. சாமியா நூலா என்று செத்த நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் சாமியைச் சுவரில் மாட்டினார்கள். சாய்ந்த அலமாரியோடுதான் அன்று வியாபாரம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் தலையைச் சாய்த்துக்கொண்டே நூல் வாங்கினார்கள்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு மதினி என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் அழுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பரீட்சைப் பேப்பர் திருத்தறப்போ இதுக்கு எம்புட்டு மார்க்குப் போடுவ?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "வழிமுறைக்கு மூணு மார்க்குப் போடுவேன் மதினி."

"விடைக்கு?"

"விடை தப்பு."

மதினி சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்கிற அளவுக்கு. முப்பது வருடக் கனவின் முதல்நாளை நான் வாறுகாலில் உருட்டிவிட்டிருந்தேன். அவர் எனக்கு மூன்று மார்க் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் சிக்கந்தர் வந்து தட்டுகளைக் கழற்றி, அடியில் மட்டமாகச் சட்டம் அடித்துத் திரும்பப் பொருத்தினான். என் ஜிக்கை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். குச்சியை நாலு மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு இப்போது அதில்தான் காடி எடுக்கிறானாம், வேலை பாதியாகக் குறைந்துவிட்டதாம். என் வாழ்க்கையில் அவன் போட்ட பாஸ் மார்க் அது. ஆனால் மூன்றாவது தட்டைத் தொட மதினி விடவில்லை. அது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அது எதற்கு என்று பொறவுதான் புரிந்தது. அந்தத் தட்டின் வலதுகோடியில் யாரும் சீந்தாத ஒரு கிளிப்பச்சை நூல்கண்டை நிமிர்த்தி வைத்திருக்கிறார். கடைக்குப் புதிதாக ஒரு சொந்தக்காரர் வந்தால் போதும். என்னைக் காட்டி, இவள் எங்கள் தம்பி பெண்டாட்டி, கணக்கு டீச்சர் என்று அறிமுகப்படுத்துவார். பிறகு கண்டைப் படுக்கவைத்து விரலை எடுப்பார். அது நிதானமாக உருண்டு இடதுகோடிக்குப் போய் முட்டி நிற்கும். வந்தவர் என்னைப் பார்ப்பார். மதினி கண்டைத் திரும்ப வலதுகோடியில் நிமிர்த்தி வைப்பார், அடுத்த சொந்தக்காரருக்காக.

போன தை மாதம் நான் கடையில் இருந்தபோது, கையில் ரவிக்கைத் துணியோடு ஒரு பெண் வந்தாள். ஊரெல்லாம் தேடியும் இந்த நிறத்துக்கு நூல் கிடைக்கவில்லை என்றாள். மதினி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அசல் கிளிப்பச்சை. அந்தப் பெண் மூன்றாவது தட்டைப் பார்த்துவிட்டு, அதோ இருக்கிறதே அக்கா என்று கையை நீட்டினாள்.

மதினி கண்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா. அது எங்க வீட்டு ரசமட்டம்."